ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் எடுத்தேன். அப்புறம் ஜப்பானில், ஷிகொகு தீவில் இருக்கும் எஹிமே மாகாணத்தில், நான்கு வருடம் அதே வேலை. ஆரஞ்சுத் தோட்டங்கள் சரிந்து இறங்கும் மலையடிவாரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி, இரண்டு தொடக்கப்பள்ளிகள். ஊரில் இந்தியர் என்று வேறு யாரும் கிடையாது. திரும்பி வந்ததிலிருந்து தோழிகளின் தங்கைகள், பழைய மாணவர்கள், முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் பார்த்தது மூன்று பள்ளிகளைத்தான். பக்கத்து ஊரிலேயே வேறு மாதிரி இருக்கலாம்.

அங்கே நம் வேலை சரியாக என்ன?

பெரும்பாலும் "உதவி மொழி ஆசிரியர்", சுருக்கமாக ஏ.எல்.டி. வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது, நாம் அவரோடு சேர்ந்து பாடம் எடுப்போம். 1987-ல் அரசு தொடங்கிய ஜெட் திட்டம்தான் இதில் பெரிய வாசல். இன்றும் பல நாடுகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்கிறார்கள். ஒரு வருட ஒப்பந்தம், அதிகபட்சம் ஐந்து வருடம் வரை நீட்டிப்பார்கள். அது போக, நகராட்சிகளின் கல்வி வாரியங்கள் நேரடியாகவும் எடுக்கும், தனியார் நிறுவனங்கள் வழியாகவும் எடுக்கும். நான் போனது நேரடி வழியில். நிறுவனம் வழியாகப் போனால் சம்பளம், விடுப்பு, கோடை மாதச் சம்பளப் பிடித்தம் மூன்றையும் ஒப்பந்தத்தில் வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2020-லிருந்து ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பெண் உள்ள பாடம். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பாட்டும் விளையாட்டுமாகப் பழக்கம் மட்டும். அதனால் தொடக்கப்பள்ளி வேலை இப்போது நிறைய.

தமிழ்நாட்டிலிருந்து போனால் எடுத்துக்கொள்வார்களா? நம் உச்சரிப்பை ஏற்பார்களா?

பட்டப்படிப்பு வேண்டும். அதோடு, உதவி ஆசிரியராகப் பள்ளியில் ஒரு அந்நிய மொழி கற்பிக்க வருபவர் அந்த மொழி வழியாகப் பன்னிரண்டு வருடமாவது படித்திருக்க வேண்டும் என்பது அதற்கான விசாவின் விதி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தவர்கள் பள்ளி, கல்லூரி இரண்டிலிருந்தும் "பயிற்று மொழி ஆங்கிலம்" என்று கடிதம் வாங்கி வையுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்கு இந்த இடத்தில் சிக்கல் வரும். அவர்களில் எத்தனையோ பேர் என்னைவிட நன்றாகக் கற்பிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றி. எனக்கு வேலை மறுத்த ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், "பெற்றோர் எதிர்பார்க்கும் முகம்" என்ற வார்த்தையே வந்தது. அது வலித்தது, இன்றும் மறக்கவில்லை. ஆனால் பள்ளிக்குள் நுழைந்த பிறகு குழந்தைகளிடம் அப்படி எதுவும் இல்லை. முதல் மாதம் ஒரு பையன் "இந்தியாவில் பேசுவது உண்மையான ஆங்கிலமா?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என் அப்பா பேசும் மொழி, பக்கத்து வீட்டு மலையாளி பேசும் மொழி, நாங்கள் இரண்டு பேரும் டெல்லியில் ஒரு ஆட்டோக்காரரிடம் எதில் பேசுவோம் என்று பலகையில் படம் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் எங்கோ வெள்ளைக்காரர் ஊரில் இருக்கும் பொருள் என்று நினைத்த குழந்தைகளுக்கு அந்தப் படம் புதிதாக இருந்தது.

போனதும் முதலில் தடுமாறியது எதில்?

செருப்பில். வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்து, பள்ளிக்குள் போடும் செருப்பை மாட்ட வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு இன்னொரு ஜோடி. கழிப்பறை வாசலில் தனிச் செருப்பு. கழற்றிவிட்டு நுழையும் பழக்கம் நமக்கு ரத்தத்திலேயே இருப்பதால் நாலே நாளில் பழகிவிட்டது.

பழக நேரம் பிடித்தது ஆசிரியர் அறைதான். எல்லா ஆசிரியரின் மேசையும் ஒரே பெரிய அறையில், ஒட்டி ஒட்டிப் போட்டிருக்கும். துணைத் தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்தபடி இருப்பார். காலையில் ஒரு கூட்டம், எல்லாரும் எழுந்து வணக்கம். மாலை கிளம்பும்போது "உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னியுங்கள்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லித்தான் போக வேண்டும். முதல் வாரம் நான் சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு நழுவினேன். அது மரியாதை இல்லை என்று பக்கத்து மேசைக்காரர் மெதுவாகச் சொன்னார்.

மாணவர்களே பள்ளியைச் சுத்தம் செய்வார்களாமே?

ஆமாம், கழிப்பறை உட்பட. தினமும் கால் மணி நேரம் பாட்டு ஒலிக்கும், எல்லாரும் துடைப்பமும் துணியுமாக இறங்குவார்கள். எங்கள் தலைமையாசிரியர் வாசல்படியைக் கூட்டுவார்.

இதை "பாருங்கள், எவ்வளவு ஒழுக்கம்!" என்று நம் ஊரில் வாட்ஸாப்பில் அனுப்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் கழிப்பறை கழுவச் சொல்லி யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் பல நேரம் அது சாதியில் போய் முடிகிறது. அங்கே முறை போட்டு எல்லாக் குழந்தையும் செய்கிறது, டாக்டர் மகனும் செய்கிறான், ஆசிரியரும் கூடவே குனிகிறார். அந்தச் சமம் இல்லாமல் துடைப்பத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தால் அது வேறு விஷயமாகிவிடும்.

வகுப்பில் கேள்வி கேட்டால் யாருமே பதில் சொல்ல மாட்டார்களா?

என்னை அதிகம் வருத்திய விஷயமும் இதுதான், அதிகம் கற்றுக்கொடுத்த விஷயமும் இதுதான்.

மதுரையில் ஒரு கேள்வி கேட்டால் "மிஸ்! மிஸ்! நான் மிஸ்!" என்று முப்பது கைகள் எழும். பதில் தெரியாதவன் கையும் எழும். அங்கே முதல் நாள், "யார் சொல்கிறீர்கள்?" என்றேன். முப்பத்திரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். இன்னும் சத்தமாகக் கேட்டேன், சிரித்துக் கேட்டேன், நானே பதிலையும் சொன்னேன். நான்கு வாரம் இப்படி. பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

ஒரு நாள் நோட்டுகளைத் திருத்தும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒரு பெண்ணின் நோட்டில் தாள் மெலிந்து நூலாகியிருந்தது. எழுதி எழுதி அழித்திருக்கிறாள். கடைசியில் இருந்த வாக்கியம் ஒரு பிழையும் இல்லாதது. அவளுக்குப் பதில் தெரியும். எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் பயம். அதோடு, தெரிந்ததைத் தான் மட்டும் எழுந்து சொல்வது பக்கத்தில் இருப்பவளைச் சிறுமைப்படுத்துவது மாதிரி என்றும் ஒரு கூச்சம். இதை எனக்கு விளக்கியது என்னோடு வகுப்பெடுத்த ஜப்பானிய ஆசிரியை.

பிறகு முறையை மாற்றினேன். முதலில் எழுத ஒரு நிமிடம். அடுத்து பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு நிமிடம். அப்புறம் "நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள்?" என்று ஜோடியாகக் கேட்பேன். தப்பானாலும் அது இருவர் பதில், யார் தலையிலும் விழாது. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். மூன்று எண்ணுவதற்குள் வாயைத் திறந்துவிடுவது நம் ஊர் ஆசிரியர்களின் பழக்கம், என்னுடையதும்தான். ஏழு, எட்டு எண்ணும்போது யாராவது ஒருவர் தலையைத் தூக்குவார்கள்.

இன்னொன்று. நம் பிள்ளைகளின் அந்த முப்பது கைகளும் சரளமாகப் பேசும் கைகள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி மனப்பாடம். அங்கே பதினைந்து வயதில் மேல்நிலைப்பள்ளிக்கு நுழைவுத்தேர்வு, மாலையில் டியூஷன் மாதிரி 'ஜுகு'. இங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பரீட்சை பயத்தில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் அண்ணன் தம்பிகள்தான்.

திருத்தும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

டிக் போடாதீர்கள்! இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அங்கே சரியான பதிலுக்கு வட்டம், மிக நன்றாக இருந்தால் வட்டத்தைச் சுற்றிப் பூவிதழ். டிக் குறி தப்பான பதிலுக்குப் போடுவது. நான் முதல் தேர்வுத்தாள் முழுக்கச் சிவப்பில் டிக் போட்டுக் கொடுத்தேன். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கிய குழந்தை தாளைப் பார்த்து முகம் வெளுத்துப் போனது. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகும் அதற்கு நம்பிக்கை வரவில்லை. அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு டிக்கையும் வட்டமாக்கினேன். இன்னொன்று, குழந்தையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவதும் அங்கே நல்லதில்லை.

அவர்கள் "இல்லை", "வேண்டாம்" என்று சொல்லவே மாட்டார்கள் என்கிறார்களே?

சொல்வார்கள், நமக்குத்தான் கேட்காது. "முஸுகஷீ தெஸ் நே" என்றால் "கஷ்டம்தான், இல்லையா" என்று அர்த்தம், ஆனால் அது "முடியாது". "யோசித்து வைக்கிறேன்" என்றால் வேண்டாம். "சோட்டோ…" என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காமல் தலையைச் சாய்த்தால் உறுதியாக வேண்டாம்.

என் மூக்குத்தி விஷயத்தைச் சொல்கிறேன். பதினாறு வயதில் பாட்டி போட்டுவிட்டது, சிறிய சிவப்புக் கல். வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் துணைத் தலைமையாசிரியர் தேநீரோடு வந்து, "சென்செய் (ஆசிரியரே), உங்கள் மூக்குத்தி அழகாக இருக்கிறது. பிள்ளைகள் இதையெல்லாம் நன்றாகக் கவனிப்பார்கள், இல்லையா" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். மறு வாரம், "மாணவர்கள் காது குத்தக் கூடாது என்று விதி இருக்கிறது, அந்தக் காலத்து விதி" என்றார். பழைய விதியைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன். மூன்று வாரம் கழித்துத்தான் கூட வேலை செய்த ஆசிரியை என்னை வெளியே அழைத்துப் போய், அவர் இரண்டு முறை கழற்றச் சொல்லிவிட்டார் என்பதைச் சொன்னார்.

கோபமும் அவமானமும் ஒன்றாக வந்தன. நேரடியாகச் சொல்லித் தொலைக்கலாமே! ஆனால் ஆறப்போட்டு யோசித்தால் நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? மாமியார் "இந்தப் புடவை வீட்டுக்குள்ளே கட்ட நல்லா இருக்கும்" என்றால் அர்த்தம் புரியாதா நமக்கு? சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் "ஜாதகம் பார்த்துட்டுச் சொல்றோம்" என்போம். எதிராளியின் முகம் வாடக் கூடாது என்று சுற்றி வளைப்பது நமக்குத் தெரிந்த கலை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம், அவரும் ஆங்கிலத்தில் பேசியதால் நேரடியாகப் பேசுகிறார் என்று நம்பிவிட்டேன்.

அம்மா, பாட்டி, அத்தை மூவரும் மூக்குத்தியோடு நிற்கும் கல்யாணப் படத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். எங்களுக்கு இது ஃபேஷன் கிடையாது, பாட்டி கொடுத்தது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். கல்லுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத சின்னத் தங்கப் பொட்டு மாதிரி ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். கழற்றியே ஆக வேண்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு.

நம் தலையாட்டல் அங்கே புரியுமா?

புரியாது. சரி என்பதற்கு நாம் பக்கவாட்டில் ஆட்டுவதைப் பார்த்து, எனக்குச் சம்மதம் இல்லை என்று நினைத்து ஒரு ஆசிரியர் ஒரே பாடத்திட்டத்தை மூன்று முறை விளக்கினார். மேலும் கீழுமாக ஆட்டப் பழகுங்கள். அவர்கள் நீங்கள் பேசும்போது "ஹாய், ஹாய்" என்று ஆமோதித்துக்கொண்டே இருப்பார்கள். அது "கேட்கிறேன்" மட்டும்தான், நம் "ம்… ம்…" மாதிரி. ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ் தெரிந்திருப்பது அங்கே ஏதாவது பயன்படுமா?

எவ்வளவோ! போகும்முன் இதை யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

"வீட்டுப்பாடம் கொண்டு வரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் ஜப்பானியப் பையன் "யெஸ்" என்பான். என்னோடு பயிற்சிக்கு வந்த அமெரிக்கத் தோழி இதில் குழம்பித் தவித்தாள். எனக்கு அந்த நொடியே புரிந்தது. "ஆமாம் மிஸ், கொண்டு வரவில்லை" என்பதைத்தான் சொல்கிறான். தமிழிலும் அப்படித்தான் சொல்வோம். ஆங்கிலம்தான் இங்கே வேறு வழியில் போகிறது. அதைத் தப்பு என்று சொல்லிவிடாமல், "உன் மொழியும் என் மொழியும் கேள்விக்கு ஆமாம் சொல்கின்றன, ஆங்கிலம் நடந்ததைப் பார்த்துச் சொல்கிறது" என்று விளக்கினேன். பிடித்துக்கொண்டார்கள்.

வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, பெரியவர்களிடம் வேறு வினை, சின்னவர்களிடம் வேறு வினை, எல்லாம் நமக்குப் பழக்கம். ஜப்பானிய உயிரெழுத்துகளும் அ, இ, உ, எ, ஒ என்றே வரிசையாக வரும். புத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்து முறையைக் கற்றதன் தடம் அந்த வரிசையில் இருக்கிறது. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று நூல்களே எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இனம் ஒன்று என்று மேடையில் பேச அது வேண்டாம், வகுப்பில் நடக்கும் இந்த ஒற்றுமையே எனக்குப் போதும்.

ஆங்கிலச் சொல்லின் கடைசியில் அவர்கள் உயிர் சேர்த்து "பஸு", "பெஞ்சி" என்பதைக் கேட்டு வெளிநாட்டு ஆசிரியர்கள் சிரிப்பார்கள். "பஸ்ஸு", "பெஞ்சு" என்று சொல்லி வளர்ந்த நான் எப்படிச் சிரிப்பேன்? அதேபோல, மின்சார பிளக் செருகும் இடத்துக்கு "கொன்ஸென்தோ", பரீட்சையில் காப்பி அடிப்பதற்கு "கன்னிங்கு", இஷ்டத்துக்கு எடுத்துச் சாப்பிடும் விருந்துக்கு "பைகிங்கு". நம் ஸ்டெப்னியையும் ஆக்டிங் டிரைவரையும் லண்டன்காரரிடம் சொன்னால் அவருக்கும் இப்படித்தான் இருக்கும். ர, ல வேறுபாடு வராமல் அவர்கள் திணறும்போது, ஃப வராமல் நம் பிள்ளைகள் "பாதர்" என்று சொல்வதை நினைத்துக்கொள்வேன். வாய் பழகாத ஒலி, அவ்வளவுதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

சிரமம்தான். காய்கறிச் சாறு என்று தெரிவதிலும் காய்ந்த மீனில் எடுத்த 'தாஷி' இருக்கும். பள்ளி மதிய உணவை விட்டுவிட்டு வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோவதாக முதல் வாரமே சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. "தயிர் சாதம்" பார்க்க ஒரு கூட்டமே கூடும். பாலையும் புளிப்பையும் சோற்றில் போடுவார்களா என்று.

நான் மீன் சாப்பிடுவேன், அதனால் பள்ளிச் சாப்பாட்டிலேயே இருந்தேன். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வகுப்பறையிலேயே, வெள்ளைத் தொப்பி போட்ட குழந்தைகள் பரிமாற, ஆசிரியரும் அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார். தலைமையாசிரியர் அரை மணி நேரம் முன்னாலேயே ஒரு தட்டைச் சாப்பிட்டுப் பார்த்துவிடுவார், கெட்டுப்போயிருந்தால் குழந்தைகளிடம் போகாமல் தடுக்க. தினமும் 200 மில்லி பால். பள்ளி மதிய உணவு 1889-ல் யமகாதா மாகாணத்தில் சுருஒகா என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, 1954-ல் சட்டமானது. ஆறாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று நானும் எழுந்து, 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டதையும், காமராஜர் மாநிலம் முழுக்க அதை விரித்ததையும் சொன்னேன். "இப்போ அதில் முட்டை உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றதும் கைதட்டினார்கள்.

ஒரு எச்சரிக்கை. மாணவர்களுக்கு இனிப்பு, முறுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. ஒவ்வாமை பயம். தீபாவளிக்கு நூறு அதிரசம் சுட்டுக்கொண்டு போய், அத்தனையையும் ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பரிசாக ஸ்டிக்கர் கொடுங்கள், அது போதும்.

வகுப்பில் தூங்கினால் திட்டலாமா?

அடிப்பதற்கு அங்கே 1947-லிருந்தே சட்டத்தில் தடை. நம் நாட்டிலும் 2009 சட்டம் தடுக்கிறது, கை ஓங்குவது எங்கே நின்றிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வெளியே போ என்றும் அங்கே அனுப்ப மாட்டார்கள், அவனுடைய படிக்கும் உரிமை போய்விடும் என்பார்கள். தூங்குகிறவனை எழுப்புவதா வேண்டாமா என்பது ஜப்பானிய ஆசிரியர் முடிவு. நான் எழுப்பத் துடித்த ஒரு பையன், காலை ஏழு மணிக்குப் பேஸ்பால் பயிற்சிக்கு வந்து, இரவு பத்து மணிக்கு ஜுகுவிலிருந்து வீடு திரும்புகிறவன். அது தெரிந்த பிறகு எழுப்பவில்லை.

கோடை விடுமுறை உண்டா?

பிள்ளைகளுக்கு உண்டு. ஆசிரியர்கள் பள்ளிக்கு வருவார்கள். நாமும் போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சம்பள விடுப்பில் கழியும். மே மாதம் முழுக்க ஊருக்குப் போய்ப் பழகியவர்கள் இதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த விஷயங்களைக் கேட்பார்களா?

குழந்தைகள் வயது, காதலன், ரத்த வகை மூன்றையும் முதல் நாளே கேட்பார்கள். ரத்த வகையை வைத்துக் குணம் சொல்லும் நம்பிக்கை அங்கே உண்டு, நம் ராசி மாதிரி. பெரியவர்கள் சம்பளமோ கல்யாணமோ கேட்க மாட்டார்கள். "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்க மாட்டார்கள். "இன்று குளிர், இல்லையா" என்பார்கள். முதல் வருடம் அந்த ஒரு கேள்விக்காக ஏங்கினேன்.

அங்கே மறக்க முடியாத வருத்தம் ஏதாவது?

மார்ச் மாதக் கடைசி. அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள், அதுவும் மிகக் கடைசியில்தான் வெளியே தெரியும். எனக்கு மூக்குத்தி விஷயத்தைச் சொன்ன அந்த ஆசிரியை இரண்டாம் வருட முடிவில் போனார். சொல்ல முடியாதாம், எனக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் மேசை காலியாக இருந்தது. ஏப்ரலில் வேறு ஒருவர் உட்கார்ந்தார். பிரிவு விழாவில் மேடையில் நின்று நிமிர்ந்து வணங்கியவர், செருப்பு அடுக்கின் அருகே என் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை. அங்கே யாரும் யாரையும் தொடுவதில்லை.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

உள்ளே போட வெள்ளை அடிச் செருப்பு இரண்டு ஜோடி. பெண்களுக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் கிடைப்பது கஷ்டம். குளிர்காலத்துக்கு உள்ளாடை, பள்ளித் தாழ்வாரங்களில் சூடேற்றி இருக்காது. புளி, பெருங்காயம். பாலிஸ்டர் சேலை ஒன்று, கலைவிழாவுக்குக் கேட்பார்கள். அப்புறம் படங்கள், கைபேசியில் வேண்டாம், அச்சடித்தவை. மீனாட்சி கோயில் கோபுரத்தை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மா, பக்கத்தில் நிற்கும் பால்காரர் சைக்கிள், பின்னால் காயப்போட்ட பள்ளிச் சீருடை என்று ஒரு படம் இருந்தது. நான்கு வருடமும் அதிகம் கேள்வி கேட்கப்பட்டது அந்தப் படத்தைப் பற்றித்தான். "சென்செய், அந்தக் கோடுகளை மழை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேட்டவள், நோட்டுத்தாளை நூலாக அழித்துவைத்திருந்த அந்தப் பெண்.